மண்ணாங்கட்டி என்று ஒருவனைச் சொன்ன பிறகு

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சாலைக்குக் கிழக்கே பாக் விரிகுடா. மேற்கே கண்மாயும் மானாவாரி வயக்காடும். வகுப்பில் பாதி கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், மீதி சம்சாரி, அதாவது விவசாயி, வீட்டுப் பிள்ளைகள். எந்தச் சொல்லை எங்கே போட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிற நானே ஒரு சொல்லைப் போடக் கூடாத இடத்தில் போட்டேன். அதையும், அதன் பிறகு மண்கட்டிகளைப் பற்றியும் அவற்றின் பெயரால் ஆட்களைத் திட்டுவதைப் பற்றியும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

12 வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசி மாதம். 7-ஆம் வகுப்பு. வெயில் தணியவில்லை. வகுப்பு மூலையில் மணல் பரப்பி, நானே சந்தையில் வாங்கிய தண்ணீர்ப் பானை ஒன்றை உட்கார வைத்திருந்தேன். அதைக் கழுவி நிரப்பிக் கொண்டுவரும் முறை அன்று ஒரு பையனுடையது. பானையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தவனுக்கு வாசற்படி தெரியவில்லை. கால் தட்டியது. பானை சிமெண்ட் தரையில் விழுந்து, வாய் தனியாகவும் அடி தனியாகவும் கிடந்தது. முன்வரிசைப் பிள்ளைகளின் பைகளெல்லாம் ஈரம்.

“மண்ணாங்கட்டி! ஒரு பானையத் தூக்கிட்டு வரத் தெரியாதா ஒனக்கு?”

42 பிள்ளைகளும் சிரித்தார்கள். அவன் குனிந்து ஓடுகளைப் பொறுக்கினான். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே அது அவன் பெயராகிவிட்டது. ஒரு வாரத்தில் முன்பாதி தேய்ந்து ‘கட்டி’ மட்டும் நின்றது.

எங்கள் வீட்டில் அது கனமில்லாத சொல். அப்பா அதைச் சொல்லாத நாள் கிடையாது. ரேடியோவில் மழை வரும் என்றால், “மழையாவது மண்ணாங்கட்டியாவது.” யாராவது கடன் தள்ளுபடி என்றால், “தள்ளுபடியும் மண்ணாங்கட்டியும்.” அப்படிச் சொல்லும்போது அந்தச் சொல் எந்த ஆளையும் தொடுவதில்லை. ஒரு பேச்சை, ஒரு வாக்கை மட்டும் ஒதுக்கித் தள்ளுகிறது. ‘எனக்கு ஒரு மண்ணும் தெரியாது’, ‘அங்க ஒரு மண்ணும் நடக்கல’ என்பதும் இதே வகைதான். அங்கே மண் என்றால் ஒன்றுமில்லை. அதே சொல்லை முன்னால் நிற்கிற பிள்ளையைப் பார்த்து விளியாகச் சொன்னால் அது திரும்பி வருவதில்லை, அவன்மேல் ஒட்டிக்கொள்கிறது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதது அல்ல. இலக்கணமாகத் தெரியும். அன்று கோபத்தில் உறைக்கவில்லை.

சொன்னதைச் சரிக்கட்ட வேண்டும் என்று மனசுக்குள் கிடந்தது. ஐப்பசி பிறந்து மழை இறங்கிய ஒரு நாள், வகுப்பில் மண்ணாங்கட்டியும் சருகும் காசிக்குப் போன கதையைச் சொன்னேன். பாட்டிமார் சொல்லும் பழைய கதை. காற்று அடித்தால் கட்டி சருகின்மேல் ஏறி உட்காரும், மழை பெய்தால் சருகு கட்டியைப் போர்த்திக்கொள்ளும். காற்றும் மழையும் சேர்ந்து வந்த அன்று சருகு பறந்துபோனது, கட்டி கரைந்துபோனது. (எங்கள் கரையிலிருந்து மண் உண்மையாகவே காசி யாத்திரை போகிறது. சேதுக்கரை மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கங்கையில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீரை எடுத்துவந்து ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்வது யாத்திரை முறை. அதையும் சொன்னேன்.) மண்ணாங்கட்டியை ஒரு நல்ல தோழனாகக் காட்டிவிட்டால் சொல்லின் கசப்பு போய்விடும் என்று நினைத்தேன்.

கதை முடிந்ததும் அவன் எழுந்தான்.

“டீச்சர், அந்தக் கட்டி காஞ்ச கட்டியா, ஈரக் கட்டியா?”

பின்னாலிருந்து ஒருவன், “கட்டியே கேக்குது டீச்சர்” என்றான். மறுபடி சிரிப்பு. காய்ந்திருந்தால் என்ன, ஈரமாக இருந்தால் என்ன, மழையில் எல்லாம் கரையத்தானே செய்யும் என்றேன்.

“இல்ல டீச்சர். காஞ்சதுதான் வெரசாக் கரையும். ஈரக் கட்டி அப்படியே கெடக்கும்.”

உட்காரச் சொல்லிவிட்டேன். காய்ந்த கட்டி கல் மாதிரி இருக்கும், ஈரக் கட்டி ஏற்கெனவே நெகிழ்ந்திருக்கும். அவன் தலைகீழாகச் சொல்கிறான் என்றே எண்ணினேன்.

அன்று சாயந்திரம் வீட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் மழைத்தண்ணீர் பிடித்தேன். ஒரே மண்தான்: தாழ்வாரத்துக்கு அடியில் மழை படாமல் காய்ந்து கிடந்த கட்டி ஒன்று, கொல்லையில் நனைந்திருந்த கட்டி ஒன்று. இரண்டும் எலுமிச்சம்பழ அளவு. காய்ந்ததைப் போட்ட உடனே அதன் உடம்பெங்கும் ஊசிமுனைக் குமிழிகள் கிளம்பின. ஓரத்திலிருந்து பொலபொலவென்று துகள்கள் உதிர்ந்தன. பிறகு ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. நான் டீ குடித்து முடிப்பதற்குள் டம்ளரின் அடியில் கட்டி இல்லை, ஒரு குவியல்தான் இருந்தது. ஈரக் கட்டி போட்டபடி இருந்தது. படுக்கப் போகும்போதும் அதன் முனை மழுங்கவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. காய்ந்த மண்ணின் நுண்துளைகளில் காற்று நிறைந்திருக்கும். எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் ஒரே நேரத்தில் புகும்போது காற்று நடுவில் சிக்கி, நெருக்கப்பட்டு, கட்டியை உள்ளிருந்து பிளக்கிறது. ஈரக் கட்டியில் துளைகளைத் தண்ணீர் முன்பே நிரப்பியிருப்பதால் சிக்குவதற்குக் காற்று அதிகமில்லை. விளக்கம் எனக்கு வேண்டியிருந்தது. அவனுக்கு அது கண்ணால் பார்த்த சங்கதி.

மறுநாள் வகுப்பில் இரண்டு டம்ளர்களையும் வைத்து, அவன் சொன்னதுதான் சரி, நான் நினைத்தது தப்பு என்று சொன்னேன். பிள்ளைகள் வாய் மூடாமல் பார்த்தார்கள். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் மணி அடித்து வெளியே போகும்போது “ஏ கட்டி, வாடா” என்ற குரல்தான் கேட்டது. பெயர் போகவில்லை.

அந்த டம்ளர்தான் என்னைச் சொல் சேகரிக்க வைத்தது. அடுத்த ஆவணியில், கோடை உழவு முடிந்து புழுதி விதைப்புக்கு நிலம் தயாராகிற நேரத்தில், அந்தப் பையன் வீட்டு வயலுக்குப் போனேன். இந்தப் பக்கம் நாற்று பாவி நடுவது குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி, ஆவணி, புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். அதனால் கட்டி உடைப்பது இங்கே பெரிய வேலை. பெரிய கட்டிக்கு அடியில் மாட்டிய விதை மேலே வராது.

முதலில் அவன் அப்பத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டேன்: “அப்பத்தா, மண்ணு வகைக்கெல்லாம் என்னென்ன பேரு சொல்வீங்க?” “மண்ணுக்கு மண்ணுன்னுதான் பேரு, வேறென்ன தாயி” என்று முடித்துவிட்டார். நோட்டை மூடிவிட்டு அவரோடு வயலில் இறங்கினேன். கையில் கொட்டாப்புளியோடு, அதாவது மரச் சுத்தியலோடு, அவர் கட்டி தட்டத் தொடங்கியதும் சொற்கள் தானாக வந்தன. சுருண்ட அப்பளம் மாதிரி கிடந்த ஒன்றை நான் எடுத்து வரப்பில் போடப் போனேன்.

“அத ஏன் எடுக்குற? அது பொருக்கு. ஒரு தூத்தல் விழுந்தா தானா அடங்கிரும். அந்தா பாளம் பாளமாப் பேந்து கெடக்கு பாரு, அதப் போட்டு ஒடை.”

அரை மணி நேரத்தில் எழுத இடம் போதவில்லை. உழவில் புரண்டது கட்டி. ஈரம் காய்ந்து மேலே உரிந்து சுருண்டது பொருக்கு. வெடிப்போடு பலகையாகப் பெயர்ந்தது பாளம். கண்மாயிலிருந்து அள்ளிவந்து வயலில் பரப்புவது கரம்பை. அதை ஊறவைத்துத் தலைக்கும் தேய்ப்பார்கள். காலில் மாவாக ஒட்டுவது புழுதி. கடல் பக்கத்து நிலத்தில் வெளுத்துக் கிடப்பது உவர். மழைக்குக் குழம்பி, காய்ந்தால் இறுகிப்போவது களர்.

பேச்சுவழக்குச் சொல் சேகரிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பெயரைக் கேட்காதீர்கள். பொருளைக் கையில் எடுத்து, அதோடு ஏதாவது தப்பாகச் செய்யப் போங்கள். திருத்துகிறவர் வாயில் சரியான சொல் வந்துவிடும். வந்ததைத் தனிச் சொல்லாக எழுதாமல் அவர் சொன்ன முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். ‘அடங்கிரும்’ என்ற வினை இல்லாமல் ‘பொருக்கு’ என்று மட்டும் குறித்திருந்தால் எனக்குப் பாதிதான் கிடைத்திருக்கும்.

அவன் அப்பா இரண்டு சோதனை காட்டினார். ஒன்று, உழவுக்குப் பதம் பார்ப்பது. ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கைநிறைய எடுத்து இறுக்கிப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து விட வேண்டும். விழுந்து உதிர்ந்தால் ஏர் பூட்டலாம். தட்டையாக அமுங்கினால் இன்னும் ஈரம் அதிகம். அப்போது உழுதால் வழவழவென்று புரண்டு காய்ந்து கல்லாகிவிடும், பிறகு ரொட்டவேட்டர் விட்டாலும் உருண்டையாக உருளும். பிடியிலேயே நிற்காவிட்டால் காய்ந்துவிட்டது. இன்னொன்று டம்ளர் சோதனைதான், ஆனால் நான் பார்க்காத ஒரு கோணம். கடல் பக்கத்து வயலிலிருந்து எடுத்த காய்ந்த கட்டியை அவர் மழைத்தண்ணீரில் போட்டார். அது உதிர்ந்ததோடு நிற்கவில்லை. கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு வெண்மை கிளம்பி, டம்ளர் முழுக்கக் கழனித்தண்ணியாகிவிட்டது. இரவு கழிந்தும் தெளியவில்லை. அதுதான் களரின் அடையாளம். மண்ணில் சோடியம் மிகுந்திருந்தால் களித்துகள்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் பிரிந்து மிதக்கும். அந்த மண்ணுக்கு ஜிப்சம் உதவும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை செய்துதான் முடிவு பண்ண வேண்டும். சோதனைக்கு மழைத்தண்ணீர்தான் வேண்டும். இந்தப் பக்கத்து போர்த்தண்ணீர் உப்பு. உப்பு அந்தக் கலங்கலை அமுக்கிவிடும், களர் இருப்பதே தெரியாமல் போகும்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது பையன் தலையில் கரம்பைக் கூடையோடு ஒரு முழ அகல வரப்பில் போய் வந்துகொண்டிருந்தான். ஒரு தடவைகூடக் கால் பிசகவில்லை.

அப்பத்தா கொட்டாப்புளியை ஊன்றி நின்றார். “பள்ளிக்கூடத்துல இவன மண்ணாங்கட்டின்னு கூப்புடுறாகளாமே தாயி. எங்க அண்ணனுக்கும் அந்தப் பேருதான். அவுகளுக்கு முன்னாடி மூணு பிள்ளைக தங்கல. நாலாவதாவது நிக்கட்டும்னு அப்படிப் பேரு விட்டாக. எண்பது வயசு இருந்தாக. அந்தப் பேரு ஒனக்கு வந்திருக்கு, நல்லதுதான்டான்னு இவங்கிட்ட சொன்னேன்.”

தமிழ்நாட்டில் அந்த வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளைகள் நிலைக்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைப்பார்கள். யாரும் ஆசைப்படாத பொருளின் பெயரைச் சூட்டினால் எமனும் கண்ணேறும் ஒதுங்கிப்போகும் என்ற நம்பிக்கை. புத்தகத்தில் படித்திருந்தேன். எதிரில் நின்று ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். அந்தப் பெயரைக் கூப்பிட்டுத் தொடங்கியது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையன் எதுவும் சொல்லாமல் கூடையைக் கவிழ்த்தான்.

அதன் பிறகு திட்டுச் சொற்களையும் நோட்டில் தனியாக எழுதத் தொடங்கினேன். கை வராதவரையும் புத்தி மட்டானவரையும் சொல்லத் தமிழில் குறைவே இல்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பவன் மண்ணாந்தை. சொல்வது ஏறாதவன் தலையில் களிமண். (மானாமதுரையில் கடம் என்ற தாள வாத்தியமாகிறதும் களிமண்தான். அதைத் தட்டிப் பார்த்தவர்கள் இந்தத் திட்டைச் சொல்ல மாட்டார்கள்.) மண்டு, மக்கு, மரமண்டை. மட்டி என்றால் மந்தன், மட்டி வேலை என்றால் செப்பமில்லாத வேலை. என் வகுப்பில் இந்தச் சொல்லை எழுதியபோது கடற்கரைப் பிள்ளை ஒருத்தி, “மட்டி நல்லதுதானே டீச்சர், அவிச்சுத் திங்கலாம்” என்றாள். அவளுக்கு மட்டி என்றால் சேற்றில் காலால் துழாவி எடுக்கிற சிப்பி. தத்தி என்ற சொல்லைப் பாருங்கள். நடை பழகும் குழந்தை தத்தித் தத்தி வந்தால் வீடே கொஞ்சும். அதே சொல் பத்து வயதுப் பிள்ளைக்கு வசவு. முண்டம் என்று திட்டுகிற ஊரில்தான் முண்டு மிளகாய் விளைகிறது. உருண்டு திரண்ட அந்த முண்டு உருவத்துக்காகவே பெயர் பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எட்ட நின்று பார்த்தால் பழிப்புச் சொல், கிட்டப் போனால் யாரோ ஒருவருடைய சோறு.

மடையன் பற்றிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். பக்கத்தில் ராஜசிங்கமங்கலம் கண்மாய். ‘நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்’ என்று பேர் போனது. வெள்ள நேரத்தில் நீருக்குள் மூழ்கி மடை திறந்தவன்தான் மடையன், அதனால் அது பெருமைச் சொல் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் வருகிறது. மடை திறப்பவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். எங்கள் பக்கம் நீர் பங்கிடுபவரை நீர்க்கட்டி என்போம். அந்தக் ‘கட்டி’ கட்டுதலிலிருந்து வந்தது, மண்கட்டி அல்ல. ஆனால் திட்டுகிற மடையனுக்கு அந்த விளக்கத்தை நான் ஏற்பதில்லை. மடம், மடமை என்றால் அறியாமை. அந்தக் குடும்பத்துச் சொல் அது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் மடையனுக்குச் சமையற்காரன் என்ற பொருளும் இருக்கும். ஒரு கதை நெஞ்சைத் தொடுகிறது என்பதற்காக அதைச் சொற்பிறப்பாக எழுதிவைக்கக் கூடாது.

இன்னொன்றையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அடிக்கடி பொருளைத் தவறவிடும், இடித்துக்கொள்ளும், பட்டன் போடவும் பந்து பிடிக்கவும் திணறும் பிள்ளைகளுக்கு மருத்துவர்களே ஒரு காலத்தில் ‘தடுமாறும் பிள்ளை’ என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பிறகு அதைக் கைவிட்டார்கள். 1987-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அது வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று இடம்பெற்றது. பள்ளிப் பிள்ளைகளில் 100-க்கு ஐந்தாறு பேருக்கு இது இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அப்படியானால் என் 42 பேரில் இரண்டு பேர். அவர்களுக்குச் சோம்பலும் இல்லை, புத்திக் குறைவும் இல்லை. வேலையைச் சிறு சிறு படியாக உடைத்துக் காட்டி, நேரம் கூடக் கொடுத்தால் பழகிக்கொள்வார்கள். ஒரு பிள்ளை எல்லா இடத்திலும், எப்போதும் தடுமாறினால் திட்டுவதற்கு முன் கண் பரிசோதனைக்கும் குழந்தை மருத்துவரிடமும் அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் பேசுகிறேன். வரப்பில் நேராக நடந்து வகுப்பில் மட்டும் தடுமாறுகிற பிள்ளை என்றால் வகுப்பில்தான் ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் பயம்.

இப்போது என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பொருள் விழுந்தால் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை, நடந்ததைச் சொல்கிறோம். ‘கை நழுவிருச்சு’, ‘இன்னும் கைவாகு வரல’, ‘ரெண்டு தடவ தூக்குனா பழகிரும்’, ‘சூதானமாப் போ.’ ராமநாதபுரத்துப் பேச்சில் சூதானம் என்ற ஒரு சொல்லே போதும். அதில் கண்டிப்பும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. பானையை நிரப்பும்போது பாதிதான் நிரப்பச் சொல்கிறேன். வாசற்படியில் வெள்ளை பெயிண்ட் ஒரு கோடு அடித்திருக்கிறேன். அதன் பிறகு பானை ஒன்றே ஒன்றுதான் உடைந்தது. அதை உடைத்தது ஒரு பூனை.

போன மாசி மாதம் திருப்பாலைக்குடி பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பார்த்தேன். வளர்த்தி, மீசை, தோளில் மிளகாய் மூட்டை. “டீச்சர், நல்லா இருக்கீங்களா?” என்று மூட்டையை இறக்கிவிட்டு வந்தான். அப்பத்தா போன வருஷம் தவறிவிட்டார் என்றான். 12 வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்: அந்தப் பேரை நான்தான் தொடங்கினேன், தப்புப் பண்ணிட்டேன். அவன் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தான்.

“அப்பத்தாட்ட கடைசி வரைக்கும் நான் சொல்லல டீச்சர். ஊர்ல எல்லாரும் சேந்து வச்சாகன்னே இருந்துச்சு.”

எதிர்ப்பக்கத்திலிருந்து அவன் கூட்டாளி கையைத் தட்டிக் கூப்பிட்டான்: “ஏ கட்டி, வண்டி வந்துருச்சு!”

அவன் சட்டென்று திரும்பினான். “வர்றேன் டீச்சர்” என்று மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்து போனான்.